வட்டத்திலிருந்து மாகாணத்திற்கு

நாட்டின் அரசியல் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தலைநகரத்துச் சட்டசபை மண்டபத்திலிருந்தே தம் நூலைத் தொடங்குவர். மந்திரிகள் பதவியேற்ற நாளும், கட்சிகள் வென்ற இடங்களின் கணக்கும் அந்நூல்களில் நிரம்பக் கிடைக்கும். அம்மண்டபத்தினுள் நுழைந்தவர்களுள் சிலர், அதற்கு முன்னர் ஓர் ஊரின் நகராண்மைக் கழகத்தில் அமர்ந்து, தண்ணீர் வராத தெருவைப் பற்றியும், சாக்கடை அடைத்த சந்தைப் பற்றியும், விளக்கெரியாத முடுக்கைப் பற்றியும் வழக்காடியவர்கள் என்னும் செய்தி ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரியைச் சற்றே விரித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சனத்நகரில் வாழும் தமிழராகிய நமக்கு இப்பொருள் ஒரு காரணத்தால் மிகவும் நெருங்கியது. சேலத்திலோ தஞ்சையிலோ யார் வேட்பாளர், எவர் வெல்வார் என்பதை நம்மவர் விரல் நுனியில் வைத்திருப்பர். தாம் குடியிருக்கும் வார்டின் அங்கத்தினர் யாரென்று வினவினால் பலர் விழிப்பர். பிறந்த ஊரின் அரசியலில் ஈடுபாடும், பிழைக்கும் ஊரின் அரசியலில் அயன்மையும் நம்மிடம் ஒருங்கே குடிகொண்டுள்ளன. இந்நிலை சரிதானா என்று எண்ணிப் பார்ப்பதற்குத் தமிழகத்தின் சான்றுகள் சிலவும், நாம் வாழும் இந்நகரத்தின் சான்று ஒன்றும் துணை செய்யும்.

கல்விக்கூடமாகிய கழகம்

1882-ஆம் ஆண்டு மே மாதம் ரிப்பன் பிரபுவின் அரசாங்கம் தலத்தாபன ஆட்சி பற்றிய புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டது. உள்ளூர்ச் சபைகளை மக்கள் பிரதிநிதிகளிடம் ஒப்படைப்பதால் நிர்வாகம் உடனே செம்மையுறும் என்று அத்தீர்மானம் வாக்களிக்கவில்லை. மக்களுக்கு அரசியல் பயிற்சி அளிக்கும் கருவியாக அச்சபைகள் விளங்கவேண்டும் என்பதே அதன் தலையாய கருத்து. தவறினாலும் தாமே செய்து கற்றுக்கொள்ளட்டும் என்னும் பெருந்தன்மையும், பெரிய அதிகாரங்களை இப்போதைக்குத் தரவேண்டாம் என்னும் எச்சரிக்கையும் அதில் கலந்திருந்தன. எவ்வாறாயினும், இந்தியர்க்குச் சட்டசபையின் கதவு திறவாதிருந்த காலத்தில் நகராண்மைக் கழகத்தின் கதவு ஓரளவு திறந்தது. அந்தக் கதவின் வழியே நுழைந்தவர்களுட் சிலர் பிற்காலத்தில் மாகாணத்தையே நடத்தினர்.

தியாகராயரும் ஓர் அணாச் சிற்றுண்டியும்

அதே 1882-ஆம் ஆண்டில் சென்னை மாநகராண்மைக் கழகத்தில் அங்கத்தினராகப் புகுந்தவர் பிட்டி தியாகராய செட்டியார். ஏறக்குறைய நாற்பதாண்டுகள் அவர் அக்கழகத்தோடு பிணைந்திருந்தார். 1916-இல் டாக்டர் டி. எம். நாயர் முதலியோருடன் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நீதிக் கட்சி என வழங்கப்பெற்ற அவ்வமைப்பு, மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்கீழ் நடந்த 1920-ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்றது. கவர்னர் வெலிங்டன் பிரபு மந்திரிசபை அமைக்குமாறு தியாகராயரை அழைத்தார். அவர் மறுத்துவிட்டார். கடலூர் ஏ. சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார்.

மாகாணப் பதவியை வேண்டாமென்ற அதே ஆண்டில், மாநகராண்மைக் கழகத்தின் அதிகாரப்பற்றற்ற முதல் தலைவர் என்ற நிலையில் தியாகராயர் ஒரு சிறு காரியம் செய்தார். ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த கழகப் பள்ளியில் பயிலும் ஏழைக் குழந்தைகளுக்கு, ஒருவருக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில், பகற்சிற்றுண்டி வழங்குவதென 1920 செப்டம்பரில் கழகம் தீர்மானித்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்தலாகாதென அரசாங்கம் தடை கூறவே, 1925-இல் அது நின்றது.

கழகம் கண்ட வழியை மாகாண அரசாங்கம் அடைத்தது. எனினும் அக்கருத்து மாண்டுபோகவில்லை. 1956-இல் முதலமைச்சர் காமராசர் மாநிலத்துப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். தியாகராயர் மந்திரி நாற்காலியில் அமரவில்லை. அவர் ஒரு வட்டத்தில் ஊன்றிய விதையோ மாநிலமெங்கும் படர்ந்தது. நகரசபையிலிருந்து மாகாணத்திற்கு மனிதர் மட்டுமே ஏறுவர் என்று எண்ணற்க, திட்டங்களும் ஏறுவதுண்டு.

சேலமும் ஈரோடும்

முதல் உலகப் போர் முடிவுறும் தறுவாயில், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரண்டு ஊர்களில், ஒத்த வயதினராகிய இருவர் நகராண்மைக் கழகத் தலைவர்களாக இருந்தனர். சேலத்தில் வழக்கறிஞர் சி. இராசகோபாலாச்சாரியார், ஈரோட்டில் வணிகர் ஈ. வெ. இராமசாமி. முன்னவர் 1878-இலும் பின்னவர் 1879-இலும் பிறந்தவர்கள். இருவரும் நண்பர்கள்.

இராஜாஜி 1911-இல் சேலம் நகராண்மைக் கழகத்தின் அங்கத்தினரானார். 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இருந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் சேலம் கழகத்தில் முதன்முதலாக அங்கத்தினரானது அவருடைய முயற்சியினால்தான். அன்று இது எளிய செயலன்று. ஒரே மேசையைச் சுற்றி அமர்வதே பலருக்குப் பொறுக்கவொண்ணாத காலம் அது.

ஈரோட்டில் இராமசாமியாரின் தலைமை, காவிரி நீரைக் குழாய் வழியாக ஊருக்குக் கொணர்ந்த திட்டத்தால் இன்றளவும் நினைக்கப்படுகிறது. ஆற்றங்கரையில் வாழ்ந்தும் நல்ல நீருக்கு ஏங்கிய ஊருக்கு அது பெரும் பேறாயிற்று. பொதுக் குழாயின் நீர் சாதி பார்த்து வருவதில்லை. பின்னாளில் பொதுக் கிணறும், பொதுத் தெருவும், கோயிற் சாலையும் எல்லோர்க்கும் உரியவை என்று அவர் முழங்கியதை எண்ணும்போது, ஊருக்குத் தண்ணீர் பங்கிட்ட அந்நாளைய அனுபவமும் உடன் நினைவுக்கு வருகிறது.

1919-இல் இருவரும் தத்தம் நகரசபைத் தலைமையை விட்டனர். இராஜாஜி தொழிலையும் குடும்பத்தையும் சென்னைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் சென்னை வந்த காந்தியடிகள் அவர் இல்லத்திலேயே தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் கடையடைப்பும் நோன்பும் நடத்தலாம் என்னும் எண்ணம் அங்குதான் அடிகளுக்கு உதித்தது. ஈரோட்டுத் தலைவரும் இராஜாஜியின் தூண்டுதலால் தம் பதவிகளைத் துறந்து காங்கிரசில் சேர்ந்தார், கதராடை புனைந்தார், மதுவிலக்குக்காகத் தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டச் செய்தார்.

அதன்பின் வழிகள் பிரிந்தன. வகுப்புரிமைத் தீர்மானம் 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் ஏற்கப்படாமையால் இராமசாமியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அவருடைய மாகாண அரசியல் சட்டசபைக்கு வெளியேயே நடந்தது. 1940-இலும் 1942-இலும் மந்திரிசபை அமைக்க அழைப்பு வந்தபோதும் அவர் ஏற்கவில்லை. இராஜாஜியோ 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார்.

பிரதம மந்திரியானவர் முதலில் நோக்கியது தாம் நன்கறிந்த மண்ணையே. 1937 அக்டோபர் 1-ஆம் நாள் மதுவிலக்குச் சட்டம் சேலம் ஜில்லாவில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. அம்மாவட்டத்துத் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் அவர் நிறுவிய காந்தி ஆசிரமமும், அங்கிருந்து மதுவிலக்குக்கென்றே நடத்திய ‘விமோசனம்’ இதழும் அதற்கு முன்னோடிகளாக இருந்தன. கள்ளுக்கடை வருமானம் போனால் கஜானாவுக்கு என் செய்வது என்ற கேள்விக்கு விடையாக 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. வரவும் செலவும் நேர்படாமல் எந்தச் சீர்திருத்தமும் நிலைக்காது என்பது ஒரு நகராண்மைக் கழகத் தலைவர் ஆண்டுதோறும் கற்கும் பாடமன்றோ! சேலம் கழகத்து மேசையில் தொடங்கிய சமத்துவ முயற்சியும் அவ்வாறே வளர்ந்தது. 1939 ஜூலையில் ஏ. வைத்தியநாத ஐயர் முன்னின்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடத்தினார். அதனைக் காக்கும் சட்டத்தை இராஜாஜியின் அரசாங்கம் இயற்றியது.

ஆயினும் நிழலையும் காட்டினால்தான் சித்திரம் முழுமையுறும். 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும் அவரே. அதனை எதிர்த்த போராட்டத்தில் சிறை சென்றவர்களுள் ஈரோட்டு நண்பரும் ஒருவர். ஒரு தெருவார் மறுத்தால் அத்தெருவுக்கு நடந்து சென்று கேட்கும் பழக்கம் நகரசபைக்கு உண்டு. கோட்டையில் அமர்ந்தபின் அந்தத் தெரு கண்ணுக்குத் தெரியாமற் போதலும் உண்டு. மேலே ஏறுபவர் எதைக் கொண்டு செல்கிறார் என்பதோடு, எதை இழக்கிறார் என்பதையும் நோக்குதல் வேண்டும். இவ்விருவரின் நட்பு மட்டும் குன்றவில்லை. 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தபோது பெரியார் கண்ணீர் வடித்தார். அடுத்த ஆண்டு அதே டிசம்பரில் அவரும் மறைந்தார்.

விருதுநகரின் விலக்கு

காமராசரின் கதை இதற்கு நேர்மாறானது. அவர் 1937-இலேயே சட்டசபை அங்கத்தினர். 1940 முதல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர். சிறையிலிருந்தபோது, சொந்த ஊராகிய விருதுநகரின் நகராண்மைக் கழகம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1941 நவம்பரில் விடுதலையாகி வந்த அவர் அப்பதவியை விட்டு விலகினார். முழுமையாகக் கடமையாற்ற இயலாத பதவியை வகித்தல் தகாது என்பது அவர் கொள்கை. நகரசபையை மாகாணத்திற்குச் செல்லும் ஏணியாக மட்டும் கருதுவோர் இந்நிகழ்ச்சியை உற்று நோக்குதல் நலம். ஏணியாகக் கருதியிருந்தால் அவர் அப்பதவியை அலங்காரமாகவேனும் வைத்திருப்பார். அது ஒரு முழுநேர வேலை என்று மதித்தமையாலேயே விட்டார்.

நாம் வாழும் நகரம்

இனி நம் நகரத்தை நோக்குவோம். சென்னையின் மாநகராண்மைக் கழகம் 1688-இல் தோன்றியது. ஐதராபாத்தில் நகராண்மை நிர்வாகம் முதல் சாலார் ஜங்கின் திவான் காலத்தில், 1869-இல் தொடங்கிற்று. நிஜாம் ஆட்சியில் அது நெடுங்காலம் அரசாங்கத்தின் ஓர் இலாகாவாகவே நடந்தது. 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருக்கெடுத்து நகரத்தை அழித்தபின்னர் நேர்ந்த பெருந்திருப்பணிகள் யாவரும் அறிந்தவை. மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவின் யோசனைகளும், 1912-இல் அமைந்த நகர அபிவிருத்தி வாரியமும், உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்னும் நீர்த்தேக்கங்களும் அவ்வெள்ளத்தின் விளைவுகள். இவை மேலிருந்து வந்த நன்மைகள். குடிமக்கள் கேட்டு, விவாதித்துப் பெற்றவை அல்ல. 1930-களில் புதிய சட்டத்தின்கீழ் கழகத்திற்குத் தேர்தல் வந்தபோதும், வாக்குரிமை சிலருக்கே உரியதாயிருந்தது.

சிக்கந்திராபாத்தின் கதை வேறு. 1806-இல் சிக்கந்தர் ஜாவின் பெயரால் வழங்கத் தொடங்கிய அந்தப் பாளையம், ஆங்கிலேயரின் அதிகாரத்தில் வளர்ந்தது. சென்னைப் படையோடு வந்த தமிழர் பலர் அங்குக் குடியேறினர். பின்னர் இரயில்வேயின் பொருட்டு வந்தவர்களும் சேர்ந்தனர். 1945-இல் சிக்கந்திராபாத் நகர்ப்பகுதி நிஜாம் அரசாங்கத்திடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை நடவடிக்கை. 1950-இல் புதிய அரசியலமைப்பும், இரு நகரங்களுக்கும் மாநகராண்மைக் கழகச் சட்டமும். 1951-52-இல் வயதுவந்தோர் யாவரும் வாக்களிக்கும் தேர்தல்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் குடிகள் குடிமக்களாயினர். 1960-இல் இரண்டு கழகங்களும் ஒன்றாக இணைந்தன. 2007-இல் சுற்றுப்புற நகராட்சிகள் பன்னிரண்டும் சேர்ந்து பெருநகராட்சி உருவாயிற்று.

இப்புதிய காலத்தின் வாயிலில், சிக்கந்திராபாத் இரயில் நிலையத்தை அடுத்த சில்கல்குடாவிலிருந்து ஒரு பெண்மணி நகரசபைக்குள் நுழைந்தார். அவரே ஈஸ்வரி பாய்.

சில்கல்குடாவின் அங்கத்தினர்

ஈஸ்வரி பாய் 1918 டிசம்பர் 1-ஆம் நாள் சில்கல்குடாவில், தாழ்த்தப்பட்டோர் குலமாகிய மாலர் குடும்பத்தில் பிறந்தார். சிக்கந்திராபாத்துக் கீஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். இளவயதிலேயே புனே நகரத்துப் பல் மருத்துவர் ஒருவருக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டார். அம்மண வாழ்வு நெடிது நிலைக்கவில்லை. பெண் குழந்தையோடு பிறந்த ஊர் திரும்பி, ஆசிரியப் பணியால் தம்மையும் மகளையும் காத்துக்கொண்டார். பின்னர் ஏழைக் குழந்தைகளுக்கெனச் சில்கல்குடாவிலேயே ஒரு பள்ளி தொடங்கினார். மகளின் பெயரால் அது கீதா வித்தியாலயம் எனப் பெயர் பெற்றது. அம்பேத்கரின் கருத்துகளில் ஈடுபட்டு, தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பில் பணியாற்றினார்.

1951-இல் நடந்த சிக்கந்திராபாத் நகரசபைத் தேர்தலில் அவர் சில்கல்குடாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் முன் நின்ற தடைகளை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெண்; தாழ்த்தப்பட்ட வகுப்பினர்; கணவரைப் பிரிந்து தனித்து வாழ்பவர்; செல்வமோ, பெரிய கட்சியின் அரவணைப்போ இல்லாதவர். பெண்களுக்கென நகரசபையில் மூன்றில் ஒரு பங்கு இடங்களை ஒதுக்கிய 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993-இல். அதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, அப்படியொரு சட்டத்தின் துணையின்றி ஒரு வார்டு அவரைத் தேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியையை அறிந்திருந்தனர். வார்டுத் தேர்தலின் சிறப்பே இது. சட்டசபை வேட்பாளரை மக்கள் மேடையில் காண்கின்றனர். வார்டு வேட்பாளரைத் தெருமுனையில் நாள்தோறும் காண்கின்றனர்.

ஒரு வார்டு அங்கத்தினரின் நாள் எத்தகையது என்பதைப் பலர் சிந்திப்பதில்லை. விடியுமுன் குழாயடியில் தொடங்கும் சச்சரவு, வீட்டுமனைப் பட்டா கேட்டு வரும் விதவை, பிறப்புச் சான்று கிடைக்காமல் பள்ளியில் சேர இயலாத சிறுவன், மழை நாளில் குடிசைக்குள் புகும் கழிவுநீர் என்று முறையீடுகள் வந்தவண்ணமிருக்கும். இவற்றில் ஒன்றேனும் சொற்பொழிவால் தீர்வதன்று. கோப்பு எந்த அறையில் கிடக்கிறது, எந்த அதிகாரி கையொப்பமிடவேண்டும், எந்தத் தலைப்பில் பணம் இருக்கிறது என்பன தெரிந்தால்தான் தீரும். அதிகாரம் தலைமைச் செயலகத்தில் இருக்கிறது. குறையோ வாசற்படியில் நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நாள்தோறும் நடந்து அளந்தவர்க்கே, சட்டசபைக்குச் செல்லவேண்டிய அவசியம் உள்ளபடி விளங்கும்.

பதினாறு ஆண்டுப் பயணம்

1951-இல் நகரசபை; 1967-இல் சட்டசபை. இடையே பதினாறு ஆண்டுகள். இந்தத் தொலைவே ஒரு செய்தி. 1956-இல் அம்பேத்கர் மறைந்தபின் அவர் வகுத்த வழியில் குடியரசுக் கட்சி உருவாயிற்று. ஈஸ்வரி பாய் ஆந்திரப் பிரதேசத்தில் அதன் முன்னணித் தலைவரானார். ஆளுங்கட்சியில் சேர்ந்திருந்தால் ஏற்றம் எளிதாயிருந்திருக்கும். அவர் சிறிய கட்சியிலேயே நின்றார்.

1967-ஆம் ஆண்டுத் தேர்தலில், நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள, அன்று நிஜாமாபாத் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த எல்லாரெட்டி என்னும் தனித்தொகுதியில் போட்டியிட்டார். எதிர்நின்றவர் காங்கிரசின் டி. என். சதாலட்சுமி. அவரும் தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து எழுந்த ஆற்றல் மிக்க பெண்மணி. சட்டசபையின் துணைச் சபாநாயகராகவும், அமைச்சராகவும் விளங்கியவர். ஒரு முன்னாள் அமைச்சரை ஒரு முன்னாள் வார்டு அங்கத்தினர் தோற்கடித்தார். அவ்வாண்டு ஆந்திரச் சட்டசபையில் குடியரசுக் கட்சி பெற்ற இடங்கள் இரண்டே. அவற்றுள் ஒன்று இது.

நகரத்துக் குழாயடியை அறிந்தவர்க்குக் கிராமத்து ஏரிக்கரையும் சேரியும் புதியவை. ஆயினும் முறையீடுகளின் இயல்பு ஒன்றே. நிலமற்றவன் கேட்பது மனை. தாகமுற்றவன் கேட்பது கிணறு. தாய் கேட்பது பள்ளி. வார்டில் கற்ற எழுத்து எல்லாரெட்டியிலும் படிக்க உதவிற்று.

1969-இல் தனித் தெலங்கானாக் கிளர்ச்சி எழுந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் எதிரெதிராக நின்ற ஈஸ்வரி பாயும் சதாலட்சுமியும் அவ்வியக்கத்தில் ஒரே அணியில் நின்றனர். இயக்கத்தைத் தலைமை தாங்கி நடத்திய தெலங்கானா பிரஜா சமிதி, மர்ரி சென்னா ரெட்டியின் தலைமையில் 1971-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் பதினான்கு தொகுதிகளுள் பத்தை வென்றது. அவ்வாண்டிலேயே அது காங்கிரசில் கலந்தது. கலக்க மறுத்தோர் சம்பூர்ண தெலங்கானா பிரஜா சமிதி என்ற பெயரில் 1972 சட்டசபைத் தேர்தலில் நின்றனர். அப்பெயரில் வென்றவர் ஒருவரே. அவர் எல்லாரெட்டியின் ஈஸ்வரி பாய்.

இருநூற்றெண்பதுக்கு மேற்பட்ட அங்கத்தினர் கொண்ட அவையில் தம் கட்சிக்குத் தாமே தலைவரும் தொண்டருமாய் ஒரு பெண் அமர்ந்திருந்த காட்சி எண்ணத்தக்கது. பெரிய அலை வீசும்போது எல்லோரும் வெல்வர். அலை வடிந்தபின் வெல்பவர், தம் பெயருக்கென்றே வாக்களிக்கும் மக்களைப் பெற்றிருத்தல் வேண்டும். வார்டு அரசியல் ஒருவர்க்குத் தரும் மிகப் பெரிய செல்வம் இதுவே.

1991 பிப்ரவரி 24-இல் அவர் மறைந்தார். எந்த மகளின் பெயரால் பள்ளி தொடங்கினாரோ, அந்த மகள் ஜே. கீதா ரெட்டி மருத்துவராகி, 1989-இல் சட்டசபைக்குத் தேர்வுபெற்று, அமைச்சருமானார். அதே 1989-ஆம் ஆண்டில் நம் சனத்நகர்த் தொகுதியில் வென்று இரண்டாம் முறை முதலமைச்சரானவர் சென்னா ரெட்டி. 1993 முதல் 1996 டிசம்பரில் மறையும் வரை தமிழகத்தின் ஆளுநராக இருந்தவரும் அவரே என்பதை நம்மவர் மறந்திரார். 2014 ஜூன் 2-ஆம் நாள் தெலங்கானா மாநிலம் மலர்ந்தபின், ஈஸ்வரி பாயின் நினைவு அரசு மரியாதைக்கு உரியதாயிற்று.

நமக்குரிய பாடம்

1969-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை வெளியூரிலிருந்து வந்து குடியேறியோர் அச்சத்தோடு நோக்கினர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. வேலைவாய்ப்புக்குப் பதினைந்தாண்டு உள்ளூர் வாசத்தை வேண்டிய முல்கி விதிகளைச் சுற்றியே அக்கிளர்ச்சியின் ஒரு பகுதி சுழன்றது. ஆனால் ஈஸ்வரி பாயின் வாழ்வைத் தொடக்கமுதல் நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். அவர் கேட்டது, வாசற்படியில் நிற்கும் குறைக்கும் தொலைவிலிருக்கும் அதிகாரத்துக்கும் இடையிலுள்ள தூரம் குறையவேண்டும் என்பதே. சில்கல்குடாவின் குழாய்க்காகப் பேசியவர், தெலங்கானாவின் பங்குக்காகவும் பேசினார். தம் வீட்டைத் தாமே ஆள விரும்பும் மக்களின் வேட்கையைத் தமிழராகிய நாம் விளங்கிக்கொள்ளாமல் வேறு யார் விளங்கிக்கொள்வார்?

தியாகராயர் ஒரு திட்டத்தை ஏற்றினார். இராஜாஜி நிர்வாகப் பயிற்சியை ஏற்றினார். பெரியார் பொது உரிமை என்னும் கருத்தை ஏற்றினார். காமராசர், வகித்தால் முழுமையாக வகிக்கவேண்டும் என்னும் நேர்மையைக் காட்டினார். ஈஸ்வரி பாய் தம் மக்களின் நம்பிக்கையை ஏற்றிச் சென்றார். இவர்களுள் எவரும் வார்டைச் சிறிதென்று எண்ணியவரல்லர். சிறிதென்று எண்ணி, கட்டிட ஒப்பந்தத்திற்கும் பதவிப் படிக்கட்டுக்கும் மட்டுமே நகரசபையை நாடுவோரும் எங்கும் உளர். அவர்களும் சட்டசபைக்கு ஏறுவதுண்டு. ஆனால் வெறுங்கையோடு ஏறுகின்றனர். இவ்விருவகையினரையும் பிரித்தறியும் பொறுப்பு வாக்காளரிடம் உள்ளது. தெருவில் வாழ்ந்துகொண்டே தெருவை அறியாத வாக்காளர் அதனை எவ்வாறு நிறைவேற்றுவார்?

தொழிற்சாலைகளை நாடி வந்தோம், வீடு கட்டினோம், சங்கம் அமைத்தோம், பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தோம். இவை யாவும் பெருமைக்குரியவை. இவற்றோடு, வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இந்நகரத்தில் இருக்கிறதா என்று பார்த்தலும், வார்டுக் கூட்டங்களுக்குச் செல்லுதலும், அண்டை வீட்டுத் தெலுங்கரோடும் உருது பேசுவோரோடும் ஒன்றாய் நின்று தண்ணீருக்கும் விளக்குக்கும் குரல் கொடுத்தலும் நம் கடமைகளே. நம்மிடையே பொதுத்தொண்டில் ஆர்வமுடைய இளைஞரும், குறிப்பாகப் பெண்களும், இந்நகரத்தின் மொழியில் இந்நகரத்தின் குறைகளைப் பேசப் பழகட்டும். அவர்களுள் ஒருவர் நாளை நகரசபைக்குச் செல்லலாம். அதற்கு மேலும் செல்லலாம். செல்லாவிடினும், நல்லவர் ஒருவரை நம் வார்டு தேர்ந்தெடுக்கத் துணைநின்ற பெருமை அவர்களைச் சேரும்.